திருவள்ளூர் மாவட்டத்தில் பள்ளிப் பிரிவினை ஆய்வு

பள்ளிப் பிரிவினை என்பது ஒரே வட்டாரத்தில் வாழும் பிள்ளைகள் சாதி, மொழி, பொருள்நிலை, குடியுரிமை முதலிய வேறுபாடுகளின்படி வெவ்வேறு பள்ளிகளிலோ, ஒரே பள்ளியின் வெவ்வேறு பிரிவுகளிலோ பிரிந்து கற்கும் நிலையைக் குறிக்கும். கல்விச் சமத்துவம் பற்றிய ஆய்வுகளில் இது முதன்மையான கிளைகளுள் ஒன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1954 ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குத் தீர்ப்புக்கு முன், பல மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளைச் சட்டமே தனிப் பள்ளிகளில் வைத்திருந்தது. தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. அரசுப் பள்ளி எதுவாயினும் அதில் எந்தச் சாதிப் பிள்ளையும் சேரலாம். ஆயினும் பள்ளியை நடத்தும் துறை, பள்ளி அமைந்துள்ள தெரு, பயிற்றுமொழி, கட்டணம் ஆகியவை பிள்ளைகளைப் பிரித்துவிடுகின்றன. இப்பிரிவினையின் ஏறத்தாழ எல்லா வகைகளையும் ஒரே மாவட்டத்தில் காணக்கூடிய இடம் திருவள்ளூர். அதனால் முனைவர் பட்ட ஆய்வுக்கு இது பொருத்தமான களமாக விளங்குகிறது.

களம்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997 இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது திருவள்ளூர் மாவட்டம் உருவானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 37,28,104. இதில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 22 விழுக்காடு. பழங்குடியினர் ஒரு விழுக்காட்டிற்குச் சற்று மேல். பழங்குடியினருள் பெரும்பான்மையோர் இருளர். நடுவண் அரசு மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தியுள்ள தமிழ்நாட்டின் ஆறு பழங்குடிகளுள் இருளரும் ஒருவர்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையும், அதே வட்டத்தில் பின்னர் அமைந்த தேர்வாய்க்கண்டிகைத் தொழிற்பேட்டையும் இரும்பு, டயர், வேதிப்பொருள் முதலிய தொழிற்சாலைகளை இங்கு கொண்டுவந்தன. புறநகர் மின்தொடர்வண்டிப் பாதையும் இவ்வூர் வழியாகச் செல்கிறது. வட மாநிலத் தொழிலாளர் குடியிருப்புகள், தெலுங்கு பேசும் சிற்றூர்கள், இருளர் குடியிருப்புகள், ஆதிதிராவிடர் குடியிருப்புகள், இலங்கைத் தமிழர் முகாம், ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் ஆகிய அனைத்தும் சில கி.மீ. சுற்றளவுக்குள் உள்ளன.

மாவட்ட எல்லையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் ஆகிய வட்டங்கள் 2018 இல் சென்னை மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டன. ஆகவே 2011 கணக்கெடுப்பின் திருவள்ளூரும் இன்றைய பள்ளிப் புள்ளிவிவரங்களின் திருவள்ளூரும் ஒன்றல்ல. இதைக் கவனியாமல் இரண்டையும் வகுத்துப் பெறும் விழுக்காடுகள் பிழையாகவே அமையும்.

வரலாறு

இம்மாவட்டத்தின் தனிப் பள்ளிகள் உதவும் நோக்குடன் தோன்றியவை என்பது இவ்வரலாற்றின் சிறப்பும் சிக்கலும் ஆகும். செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891 இல் அம்மாவட்டப் பறையர் நிலை குறித்து விரிவான அறிக்கை அளித்தார். வீட்டு மனை, விளைநிலம், கல்வி ஆகிய மூன்றும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பஞ்சமி நிலங்கள் எனப்படுபவை இவ்வறிக்கையைத் தொடர்ந்தே வழங்கப்பட்டன. 1893 இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்குச் சிறப்புச் சலுகைகளை அறிவித்தது. 1894 இல் என்றி ஆல்காட் அடையாறில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இதில் அயோத்திதாசப் பண்டிதருக்கும் பங்குண்டு.

பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகள் அனைவருக்கும் உரியவை என்னும் விதி அப்போதே இருந்தது. ஆனால் பள்ளிகள் அக்கிரகாரத்திலும், கோயிலை ஒட்டிய கட்டடத்திலும், ஊர்ச் சாவடியிலும் நடந்தன. அவ்விடங்களுக்குள் நுழைய முடியாத பிள்ளைக்கு அவ்விதியால் பயனில்லை. 1919 இல் மாகாண அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனுக்கெனத் தனிப் பொறுப்பை உருவாக்கித் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்தது. அவ்வாணையர் சேரிகளிலேயே பள்ளிகளைத் திறந்தார். இவை தொழிலாளர் துறைப் பள்ளிகள் எனப்பட்டன. விடுதலைக்குப் பின் இவை அரிசன நலத்துறைக்கும், பின்னர் அத்துறையின் புதிய வடிவமான ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்கும் வந்து சேர்ந்தன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் வட மாவட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இத்தொடக்க வரலாறும் ஒரு காரணம்.

துறைவாரிப் பள்ளிகள்

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்து நூறுக்கும் மேல் உள்ளன. பழங்குடியினருக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் முந்நூறுக்கும் மேல். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தனியே உள்ளன. இந்து சமய அறநிலையத்துறை, வனத்துறை ஆகியவையும் பள்ளிகள் நடத்துகின்றன. பாடநூலும் பொதுத்தேர்வும் ஒன்றே. ஆனால் ஆசிரியர் நியமனம், இடமாறுதல், ஆய்வு, கட்டடப் பராமரிப்பு ஆகியவை துறைக்குத் துறை வேறு. பள்ளிக் கல்வித்துறையின் முதன்மைக் கல்வி அலுவலருக்கு உள்ள கல்வி நிருவாக அமைப்பு, நலத்துறையின் மாவட்ட அலுவலருக்கு இல்லை. விடுதிகள், உதவித்தொகை, வீட்டுமனை ஆகியவற்றுடன் பள்ளிகளையும் அவரே கவனிக்க வேண்டியுள்ளது.

ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, அரை கி.மீ. தள்ளி ஆதிதிராவிடர் குடியிருப்பில் ஆதிதிராவிடர் நல தொடக்கப்பள்ளி. இரண்டிலும் கட்டணம் இல்லை. இரண்டும் அனைவருக்கும் திறந்தவை. நடைமுறையில் ஊர்ப் பிள்ளைகள் குடியிருப்புப் பள்ளிக்கு வருவதில்லை. குடியிருப்பின் பெற்றோருள் வசதி உள்ளவர் பிள்ளையைத் தனியார் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுகின்றனர். எஞ்சுபவை ஏழ்மை மிகுந்த வீட்டுப் பிள்ளைகளே. சாதிப் பிரிவினையும் வகுப்புப் பிரிவினையும் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஆய்வாளருக்குக் கடினமான பணி.

2023 மார்ச் 20 அன்று நிதிநிலை அறிக்கையில், பல்வேறு துறைகளின் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித்துறையின்கீழ்க் கொண்டுவரப்படும் என அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராசன் அறிவித்தார். இதற்கு வரவேற்பும் எதிர்ப்பும் எழுந்தன. அதே ஆண்டு ஆகத்து மாதம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 சூனில் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கவும், வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும், பள்ளிகளை ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. 2024 இல் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அரசுப் பள்ளிப் பெயர்களில் உள்ள பழங்குடியினர் என்னும் சொல்லை நீக்கச் சொன்னது. 2025 இல் அரசு விடுதிகள் அனைத்திற்கும் சமூகநீதி விடுதி என்னும் பொதுப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றத்தால் சேர்க்கை மாறுகிறதா என்பது அளந்து அறியத்தக்க ஒன்று. மாற்றத்திற்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் பள்ளிவாரிச் சேர்க்கையை ஒப்பிட்டாலே முதல் விடை கிடைக்கும்.

செங்கல் சூளைப் பிள்ளைகள்

மேற்கண்ட பிள்ளைகள் ஏதேனும் ஒரு பதிவேட்டிலாவது இருக்கின்றனர். செங்கல் சூளைப் பிள்ளைகளின் நிலை வேறு. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கீர், நுவாபடா, பர்கட், களகண்டி முதலியவற்றிலிருந்து குடும்பங்கள் முன்பணம் பெற்று வருகின்றன. பருவமழை ஓயும் நவம்பர், திசம்பர் மாதங்களில் வந்து, அடுத்த ஆண்டு மே, சூன் வரை சூளையிலேயே தங்குகின்றன. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்திற்கே கணக்கிடப்படுவதால், மண் புரட்டுவதிலும் பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுவதிலும் பிள்ளைகளின் கையும் சேர்ந்துவிடுகிறது. இவர்களுள் பலர் ஒடிசாவின் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஆவர்.

இப்பிள்ளை கல்வியாண்டின் நடுவில் தமிழ்நாட்டிற்கு வந்து, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் தறுவாயில் திரும்புகிறது. தமிழ் தெரியாது. நாடு முழுவதற்குமான பள்ளித் தகவல் முறையில் நெடுங்காலமாகச் செப்டம்பர் 30 ஆம் நாளே கணக்கு நாளாக இருந்து வந்துள்ளது. அந்த நாளில் பிள்ளை ஒடிசாவில் தன் ஊர்ப் பள்ளியில் பெயர் உள்ள மாணவர். இரண்டு மாதம் கழித்துத் திருவள்ளூரில் சூளையில் இருக்கும்போது அந்தக் கணக்கு அதைத் தேடுவதில்லை. ஒரு மாநிலத்தில் பள்ளியில் இருப்பதாகவும், மறு மாநிலத்தில் இல்லவே இல்லை என்றும் பதிவாகும் இந்நிலையால், இரு மாநிலங்களின் சேர்க்கை விழுக்காடும் குறையாமல் நிற்கிறது.

அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாகச் சூளைகளிலும் அருகிலுள்ள பள்ளிகளிலும் சிறப்புப் பயிற்சி மையங்கள் நடத்தப்பட்டன. ஒடியா பாடநூல்கள் வரவழைக்கப்பட்டன. ஒடியா தெரிந்த தன்னார்வலர்கள் கற்பித்தனர். பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் பணியிடத்தில் நடக்கும் பள்ளி, உள்ளூர்ப் பிள்ளைகள் எவரும் இல்லாத பள்ளியுமாகும். ஒடிசா அரசு பெற்றோர் புலம்பெயரும் காலத்தில் பிள்ளைகளை ஊரிலேயே தங்க வைக்கும் பருவகால விடுதிகளை நடத்தி வந்துள்ளது. தாய்மொழிக் கல்வி, பெற்றோருடன் இருத்தல், உள்ளூர்ப் பிள்ளைகளுடன் சேர்ந்து கற்றல் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தரும் ஏற்பாடு எதுவும் இவற்றுள் இல்லை. எதை விட்டுக்கொடுத்தால் பிள்ளைக்கு இழப்பு குறைவு என்பது கொள்கை வகுப்போர் ஆய்வாளரிடம் எதிர்பார்க்கும் விடை.

இதே மாவட்டத்தின் செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளிலும், சூளைகளிலும், மரம் வெட்டும் பணியிலும் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்கள் பலமுறை மீட்கப்பட்டுள்ளன. மீட்புக்குப் பின் அக்குடும்பப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தனர், எத்தனை ஆண்டு தொடர்ந்தனர் என்பதைப் பின்தொடர்வது ஒரு முனைவர் பட்டத்திற்குப் போதிய பொருளாகும். இருளர் பிள்ளைகள் பலருக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதே தடையாக இருந்து வந்துள்ளது. சான்றிதழ் இல்லாத பிள்ளை புள்ளிவிவரத்தில் பழங்குடியாகத் தோன்றாமல் போகலாம்.

மொழியும் முகாமும்

திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 இல் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அங்கும் பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களிலும் தெலுங்கு பேசுவோர் உள்ளனர். தெலுங்குவழிப் பள்ளிகளும் இயங்கி வந்துள்ளன. 2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழை அனைத்துப் பள்ளிகளிலும் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. மொழிச் சிறுபான்மையினர் இதில் விலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றனர். தாய்மொழிவழிப் பள்ளி சிறுபான்மையினரின் உரிமை. அதே பள்ளி தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து அவர்களைப் பிரிக்கவும் செய்கிறது. இதைச் சாதிப் பிரிவினையோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது பொதுவாக ஏற்கத்தக்கது.

கும்மிடிப்பூண்டியில் 1990 இல் அமைந்த இலங்கைத் தமிழர் முகாம் மாநிலத்தின் பெரிய முகாம்களுள் ஒன்று. இத்தகைய முகாம்கள் 2021 முதல் மறுவாழ்வு முகாம் என அழைக்கப்படுகின்றன. முகாம் பிள்ளைகள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகளோடு கற்கின்றனர். பள்ளியில் பிரிவினை இல்லை. ஆனால் குடியுரிமை இன்மையால் பள்ளிக்குப் பின்னர் பாதை பிரிகிறது. எஸ். சி. சந்திரகாசன் 1984 இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் மாணவர்களின் கல்விக்குத் தொடர்ந்து பணியாற்றி வந்துள்ளது. பள்ளியில் ஒன்றாக இருப்பது மட்டும் சமத்துவம் ஆகிவிடாது என்பதற்கு இம்முகாம் சான்று.

கட்டணமும் பயிற்றுமொழியும்

2010 வரை தமிழ்நாட்டில் மாநில வாரியம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. முத்துக்குமரன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2010 இல் சமச்சீர் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. 2011 ஆகத்தில் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பாடநூல் ஒன்றாயிற்று, பிள்ளைகள் ஒன்றாகவில்லை. தனியார் பள்ளிகளுள் பல நடுவண் வாரியத்தை நாடின. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடம் நலிந்த பிரிவினருக்கு உரியது. நடுவண், மாநில அரசுகளிடையே எழுந்த நிதிச் சிக்கலால் 2025-26 இல் இச்சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது.

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. ஒரே வகுப்பின் அ பிரிவு ஆங்கிலவழி, ஆ பிரிவு தமிழ்வழி என்று அமையும்போது பிரிவினை பள்ளிக்குள்ளேயே நுழைகிறது. பள்ளிவாரிப் புள்ளிவிவரம் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

அரசு சில சலுகைகளைப் பள்ளி வகையோடு இணைத்துள்ளது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 இலும் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 இல் தொடங்கியது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 சூலை 15 அன்று விரிவாக்கப்பட்டது. அதன் தொடக்கவிழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் நடந்தது. இச்சலுகைகள் நடுத்தரக் குடும்பங்களை அரசுப் பள்ளிக்குத் திருப்புமாயின் பிரிவினை குறையும்.

அளவிடும் முறை

பிரிவினையை அளக்கப் பரவலாகப் பயன்படுவது டங்கன் இணையர் 1955 இல் விளக்கிய வேற்றுமைக் குறியீட்டெண். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு: ஓர் ஊரில் 100 பட்டியல் சாதிப் பிள்ளைகளும் 100 பிற பிள்ளைகளும் உள்ளனர். முதல் பள்ளியில் பட்டியல் சாதியினர் 80, பிறர் 20. இரண்டாம் பள்ளியில் முறையே 20, 80. ஒவ்வொரு பள்ளியிலும் இரு பிரிவினரின் பங்குகளுக்கு இடையிலான வேறுபாடு 0.6. இவ்வேறுபாடுகளைக் கூட்டிப் பாதியாக்கினால் 0.6 கிடைக்கும். பட்டியல் சாதிப் பிள்ளைகளுள் 60 பேர் முதல் பள்ளியிலிருந்து இரண்டாம் பள்ளிக்கு மாறினால் இரு பள்ளிகளிலும் விகிதம் சமமாகும் என்பது இதன் பொருள். குறியீட்டெண் 0 எனில் பிரிவினை இல்லை. 1 எனில் முழுப் பிரிவினை.

தனிமைக் குறியீட்டெண் வேறொன்றைச் சொல்கிறது. ஒரு பட்டியல் சாதிப் பிள்ளையின் பள்ளியில் சராசரியாக எத்தனை பங்கினர் அதே பிரிவினர் என்பதை அது காட்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது 0.68. இங்கிலாந்தின் ஸ்டீபன் கோரார்ட் உருவாக்கிய குறியீட்டெண்ணும் வழக்கில் உண்டு. எதைத் தேர்ந்தாலும், துறைவாரிப் பதிவேடுகளைத் தனித்தனியே வைத்துக் கணக்கிட்டால் பயனில்லை. நலத்துறைப் பள்ளிகளில் மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிரிவினர். அங்கே ஒப்பிட ஆளில்லை. ஊர்ப் பள்ளி, குடியிருப்புப் பள்ளி, தனியார் பள்ளி மூன்றையும் ஒரே சுற்றளவுக்குள் சேர்த்து அளந்தால்தான் பிரிவினை எண்ணாக வெளிப்படும்.

தரவுகள்

பள்ளிவாரிச் சேர்க்கை, சாதிப் பிரிவு, ஆசிரியர் எண்ணிக்கை, கட்டட வசதி ஆகியவற்றிற்கு யுடைஸ் எனப்படும் நாடளாவிய பள்ளித் தகவல் முறை அடிப்படை. 2022-23 முதல் இது மாணவர்வாரியாகத் தகவல் திரட்டுகிறது. மாணவருக்கு நிலையான எண் வழங்கப்படுவதால், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பிள்ளையைப் பின்தொடர வாய்ப்பு உருவாகியுள்ளது. சூளையில் அந்த எண்ணைக் கேட்டுப் பதிவோர் இருந்தால்தான் அது பயன்படும். தமிழ்நாட்டிற்கு எமிஸ் என்னும் தனித் தகவல் முறை உண்டு. கற்றல் நிலைக்குப் பிரதம் அமைப்பின் அசர் அறிக்கைகள் 2005 முதல் கிடைக்கின்றன. ஆனால் அவை ஊரகத்தை மட்டுமே பேசுபவை. குடும்பச் செலவுக்கு தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75 ஆம் சுற்று (2017-18) உதவும். பட்டியல் சாதி என்னும் ஒரே தலைப்பு பறையர், அருந்ததியர் போன்றோரிடையே உள்ள வேறுபாட்டை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முந்தைய ஆய்வுகளுள் தில்லியில் கௌதம் ராவ் செய்ததும் 2019 இல் வெளிவந்ததுமான ஆய்வு புகழ்பெற்றது. வசதி படைத்த தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் சேர்ந்தபின், உடன் கற்ற வசதியான பிள்ளைகள் ஈகை மிக்கவராகவும் பாகுபாடு குறைந்தவராகவும் மாறினர். அவர்களது கல்வி மதிப்பெண்ணில் பெரிய பாதிப்பு இல்லை என்று அது கண்டது. காரலா ஆஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசத்தில் நடத்தி 2006 இல் வெளியிட்ட சோதனையில், சாதியை வெளிப்படையாக அறிவித்தவுடன் தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்களின் புதிர் தீர்க்கும் திறன் குறைந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்ட வரலாற்றிற்கு ரூபா விசுவநாத் 2014 இல் வெளியிட்ட நூல் இன்றியமையாதது.

முனைவர் பட்ட வாய்ப்புகள்

சென்னை அடையாறில் மால்கம் ஆதிசேசையா 1971 இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக முனைவர் பட்ட ஆய்வு நடத்துகிறது. சாதி, தொழில், கல்வி பற்றிய ஆய்வுகளுக்கு இது நெடுநாள் உறைவிடம். சென்னைப் பல்கலைக்கழகக் கல்வியியல் துறை, 2008 இல் தோன்றிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மானிடவியல் மற்றும் சமூக அறிவியல் துறை ஆகியவை களத்திற்கு அண்மையில் உள்ளவை. மாநிலத்திற்கு வெளியே புதுதில்லியின் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிருவாக நிறுவனம், சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சாகிர் உசேன் கல்வி ஆய்வு மையம், மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவை பெயர் பெற்றவை. அயல்நாட்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கல்வி நிறுவனமும் சசெக்சு பல்கலைக்கழகமும் தெற்காசியக் கல்வியில் நீண்ட ஈடுபாடு கொண்டவை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 நெறிமுறைகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு (பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50) தேவை. ஆய்வுக்காலம் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டுக்கு மிகாது. மகளிருக்குக் கூடுதல் இரண்டு ஆண்டு உண்டு. ஆய்வியல் நிறைஞர் பட்டம் நிறுத்தப்பட்டது. 2024 முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம்.

இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 தொடக்கம் முதல் மாதம் 37,000 ரூபாயாகவும் முதுநிலைக்கு 42,000 ஆகவும் உயர்ந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குத் தனித் தேசிய உதவித்தொகைகள் உண்டு. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 இல் நிறுத்தப்பட்டது. தமிழ்நாடு அரசு முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வழங்குகிறது.

அயல்நாட்டுப் படிப்பில் ஒரு வேண்டாத தடை உள்ளது. பட்டியல் சாதியினர் முதலியோருக்கான நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு நிதி இல்லை என்னும் விதி 2022 இல் சேர்க்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியின் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து வந்த ஒருவர், அப்பள்ளியையே ஆராய இந்த உதவித்தொகையுடன் வெளிநாடு செல்ல இயலாது. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் தனியே உள்ளது.

களப்பணி

பள்ளிக் கல்வித்துறைப் பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலரிடமும், நலத்துறைப் பள்ளிகளுக்கு அத்துறை அலுவலரிடமும், முகாமிற்கு மறுவாழ்வுத் துறையிடமும் தனித்தனியே இசைவு பெற வேண்டும். ஓர் ஊரின் இரு பள்ளிகளை ஒப்பிட இரு அலுவலகங்களின் படி ஏற வேண்டியுள்ளது. சூளையில் இசைவு தருபவர் நடைமுறையில் உரிமையாளரும் மேத்திரியுமே. அவர்கள் முன்னிலையில் முன்பணக் கடனில் உள்ள பெற்றோர் கூறும் விடைகளை அப்படியே ஏற்க இயலாது. ஒடியாவின் மேற்கு வட்டார வழக்கு அறிந்த உதவியாளர் தேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறும் பள்ளிவாரி விவரங்கள் பல இடங்களில் கைகொடுக்கும். சிறிய ஊர்களில் பள்ளியின் பெயரை மறைத்தாலும் ஊரார் கண்டுகொள்வர் என்பதால், பிள்ளைகளும் ஆசிரியர்களும் சொன்னவற்றை வெளியிடுவதில் மிகுந்த கவனம் வேண்டும்.

கருத்து வேறுபாடுகள்

தனிப் பள்ளிகளை ஒழிப்பதா, காப்பதா என்பதில் ஆதிதிராவிடர் இயக்கங்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெயரிலேயே சாதியைத் தாங்கிய பள்ளி பிள்ளையின் மீது முத்திரை குத்துகிறது, ஆகவே பொதுத்துறையில் சேர்க்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. அப்பள்ளிகளும் அவற்றின் நிலமும் கட்டடமும் பட்டியல் சாதியினருக்கான தனி நிதியில் உருவானவை; இணைத்தால் முதலில் மூடப்படுபவை குடியிருப்புப் பள்ளிகளே, அதன்பின் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று வசை கேட்க நேரும் என்பது மறுதரப்பு. சுவாமி சகசானந்தர் 1916 இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது, தனிப் பள்ளியே தன்மதிப்பின் இடமாக இருந்தது. அமெரிக்காவில் டு பாய்சு 1935 இல் இதே வினாவை எழுப்பினார். கலந்த பள்ளியோ தனிப் பள்ளியோ தன்னளவில் தீர்வல்ல, பிள்ளையை மதித்துக் கற்பிக்கும் பள்ளியே தேவை என்பது அவர் கருத்து.

இவ்விரு தரப்பும் எதிர்காலம் பற்றிய ஊகங்களையே முன்வைக்கின்றன. சேர்க்கை குறைந்து ஏற்கெனவே மூடப்பட்ட அல்லது இணைக்கப்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் அடுத்த ஆண்டு எங்கே சென்றனர் என்பதை ஊர் ஊராகத் தேடிப் பார்த்தால் இவ்வூகங்களுள் எது மெய் என்று சொல்லக்கூடும். அதற்கு வேண்டிய வருகைப் பதிவேடுகளும் மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளும் பள்ளி அலமாரிகளில் உள்ளன.